ஈஸ்டர் வரை காலியாக ஒரு கட்டில்

வால்சோர்தா,
11 செப்டம்பர் 1977

அன்புத் தங்கை எல்டாவுக்கு,

அக்கா ஓர்சொலா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் உடம்பு எப்படி? மில்லில் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்காமல் மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாயா?

உட்கார்ந்துகொண்டு படி. உன் மகள் டெல்ஃபினா என் எதிரில் உட்கார்ந்து பாலில் ரொட்டியைத் தோய்த்துத் தின்கிறாள். உன்னைக் கேட்காமல் கூட்டி வந்துவிட்டேன். திட்டவேண்டியதை அடுத்த கடிதத்தில் திட்டு, இப்போது விஷயத்தைக் கேள்.

ரோமில் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள். மந்தமான பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு என்று ஒதுக்கி வைத்ததெல்லாம் போதுமாம். எந்தப் பிள்ளையானாலும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரலாம். டவுனிலிருந்து வந்த தலைமையாசிரியர் சுற்றறிக்கையை வாசித்தபோது நான் பள்ளி அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அப்ப எங்க டெல்ஃபினாவும் இங்க படிக்கலாமா சார்?" என்று கேட்டேன். அவர் காகிதத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "படிக்கலாம்னுதான் போட்டிருக்கு. எப்படின்னுதான் போடல" என்றார். எனக்கு அது போதும். மறுநாள் பஸ் பிடித்துக் கன்னியாஸ்திரிகள் இல்லத்துக்குப் போனேன்.

நான்கு வயதில் அவளை அங்கே விட்டுவிட்டு நீ ரயிலேறினாய். உன் புருஷன் மரம் விழுந்து போய்ச் சேர்ந்திருந்தான். அப்பா படுத்த படுக்கையாக என் கவனிப்பில் கிடந்தார். வேலைக்கு வருகிறவர்கள் பிள்ளையோடு வரக்கூடாது என்கிறது நீ இருக்கிற நாடு. அப்போது வேறு வழியில்லை. இப்போது இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இல்லத்து மதர் நல்லவர். "சட்டம் எழுதறது சுலபம், ஓர்சொலா. சரிப்படலன்னா கூட்டிட்டு வாங்க. அவ கட்டிலை ஈஸ்டர் வரைக்கும் யாருக்கும் கொடுக்க மாட்டேன்" என்றார். அதுவரை பார்ப்போம்.

அன்புடன்,
ஓர்சொலா


வின்டர்தூர்,
9 அக்டோபர் 1977

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். துணி கட்டிக்கொள்கிறேன். உன் முழங்காலுக்குக் கற்பூரத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

கூரையில் வடக்குப் பக்கம் ஒழுகியதே, பலகை மாற்றினாயா? கோழிகள் முட்டையிடுகின்றனவா? உருளைக்கிழங்கு இந்த வருடம் எப்படி? இங்கே இரவு வேலை அதிகம். அறையில் நாங்கள் நான்கு பேர். புதிதாக வந்திருக்கும் பெர்கமோக்காரி தூக்கத்தில் பேசுகிறாள்.

மலையில் குளிர் சீக்கிரம் இறங்கும். இல்லத்தில் எல்லா அறைக்கும் சூடு உண்டு. அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

உன் தங்கை,
எல்டா


வால்சோர்தா,
23 அக்டோபர் 1977

அன்புத் தங்கைக்கு,

கோழிகள் சுகம், கூரை சுகம், உருளைக்கிழங்கும் சுகம். நீ விசாரிக்காதவளும் சுகம். இரண்டு கிலோ கூடியிருக்கிறாள்.

பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரே அறை, ஒரே டீச்சர். புதுச் சட்டப்படி இப்படி ஒரு பிள்ளை இருக்கிற வகுப்பில் இருபது பேருக்கு மேல் கூடாதாம். நம் ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் பதினான்குக்கு மேல் தேறாது. சட்டத்தை நாட்டிலேயே முதலில் நிறைவேற்றியது நாம்தான்! டீச்சர் பெயர் லிவியா. சமவெளிக்காரி, சின்ன வயது, பேச்சு கொஞ்சம், முகத்தில் எப்போதும் சுண்ணாம்புத் தூள். வாரத்துக்கு இரண்டு நாள் டவுனிலிருந்து தாடி வைத்த ஒரு உதவி ஆசிரியர் வருகிறார். டெல்ஃபினாவுக்கென்றே அரசாங்கம் போட்ட ஆள். அவளை மட்டும் கூட்டிக்கொண்டு வரைபடங்கள் வைத்திருக்கும் அறைக்குப் போய்விடுவார். அங்கே மர மணிகளைக் கோக்கிறார்கள். அவளுக்கு அலுத்துவிட்டால் என்னிடம் வந்துவிடுவாள். நானும் கூடவே இருந்து மூக்கைத் துடைத்து, செருப்பு மாட்டி, பென்சில் சீவி எல்லாம் செய்துவிடுகிறேன். ஒரு குறையும் இல்லை.

எதிர்வீட்டு நோர்மா தினமும் ஜன்னலில் நின்று பார்க்கிறாள். "பாவம், மாதா யாருக்கு எதை வெச்சிருக்கான்னு நமக்கென்ன தெரியும்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன் மகளுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். தன் மகன் எத்தோரேவுக்கு ஏற்றினால் புண்ணியமாகப் போகும், அவன் பங்குச் சாமியாரின் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டான்.

சளி இல்லை. இருமல் இல்லை. நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

ஓர்சொலா


வின்டர்தூர்,
20 நவம்பர் 1977

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். என் உடம்பு சுகம்தான்.

மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்களா என்று நீ எழுதவில்லை. அவளை வரைபட அறைக்குக் கூட்டிப்போகிறார் என்கிறாய். அதற்கு எதற்குச் சட்டம்? இல்லத்தில் ஒரு அறையில் இருந்தாள், இப்போது அதைவிடச் சின்ன அறையில் இருக்கிறாள்.

நோர்மாவின் மெழுகுவர்த்திக்கு நன்றி சொல்.

எல்டா


வால்சோர்தா,
4 டிசம்பர் 1977

அன்புத் தங்கைக்கு,

முழங்காலளவு பனி. முழங்கால் மட்டும் சரியில்லை. மற்றபடி நாங்கள் சுகம், நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நீ கேட்டது என்னைச் சுட்டது. சொல்லிவிடுகிறேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால்கூடத் தேவலை. அவள் ஒருத்தி அங்கே இருப்பதாகவே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மேசை நாற்காலியைச் சுற்றிப் போவதுபோல அவளைச் சுற்றிப் போனார்கள்.

நமக்குத் தெரியுமே, குளிர்காலத்தில் பள்ளிக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளையும் அடுப்புக்கு ஒரு விறகுக்கட்டை கொண்டு வரவேண்டும். எண்ணெய் விலை ஏறியதிலிருந்து பழையபடி இரும்பு அடுப்புதான். டெல்ஃபினா வெறுங்கையோடு வந்தாள். அடுப்பு மூட்டுகிறவள் நான், விறகு அடுக்குகிறவள் நான், என் வீட்டுப் பிள்ளை எதற்குச் சுமக்கவேண்டும் என்று நான்தான் அனுப்பவில்லை. ஒருநாள் அவள் அடுப்புக்குக் கிட்டப் போய் நின்றாள். எத்தோரே பட்டென்று சொன்னான்: "இவ எங்க கட்டையிலதானே குளிர் காயறா? இவளுது எங்க?"

நான் அவன் காதைத் திருகப் போனேன். லிவியா டீச்சர் கையைப் பிடித்துவிட்டாள். வெளியே கூட்டிப்போய், "ஓர்சொலாம்மா, அவன் கேட்டது நியாயம்தானே?" என்றாள்.

"அவளால தூக்க முடியாது டீச்சர்."

"தூக்கிப் பார்த்தாளா?"

நான் மேலங்கியில் இருந்த சாம்பலைத் தட்டினேன். அவள் விடவில்லை.

"இனிமே மணி அடிக்க வாங்க, அடுப்பு மூட்ட வாங்க. மூக்கு சிந்திவிட உள்ள வராதீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அன்று மணியை ஐந்து நிமிடம் முன்னாலேயே அடித்துவிட்டேன். பதினெட்டு வருடமாக இந்தப் பள்ளியில் ஆயாவாக இருக்கிறேன், நேற்று வந்தவள் என்னை வெளியே போ என்கிறாள்! இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் டெல்ஃபினா தானே நம் வீட்டு விறகுக் கொட்டகைக்குப் போய், அங்கிருந்ததிலேயே பெரிய கட்டையாக எடுத்துக்கொண்டாள். பாதி வழி தூக்கினாள், பாதி வழி பனியில் உருட்டினாள். நான் பின்னால் போகவில்லை. ஜன்னலில் நின்று மேலங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன், அது கையோடு வந்துவிட்டது.

கட்டை பனியில் ஊறி அடுப்பு முழுக்கப் புகை. மற்ற எல்லோரும் இருமிக்கொண்டே கத்தினார்களாம்: "டெல்ஃபினா! ஈரக்கட்டை கொண்டு வராதன்னு எத்தனை தடவை சொல்றது!" ஒரு தடவைகூட யாரும் சொன்னதில்லை. ஆனால் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். சாயங்காலம் வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னாள்: "என்னைத் திட்டுனாங்க."

தாடிக்காரரையும் டீச்சர் வகுப்புக்குள்ளேயே உட்காரவைத்துவிட்டாள். மணிகளை எல்லாப் பிள்ளைகளும் கோக்கிறார்கள், கணக்குக்கு.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா?

ஓர்சொலா


வின்டர்தூர்,
8 ஜனவரி 1978

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருடம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு விடுப்புக் கொடுக்கவில்லை. எனக்குச் சளி பிடித்து விட்டது, பயப்படாதே.

கட்டை என்ன மரம்? பீச்சா, ஊசியிலையா? கொட்டகையில் இடது பக்கம் இருப்பது காய்ந்தது. அவளிடம் சொல். வலது பக்கம் தொடவேண்டாம் என்று சொல். அந்தக் கொட்டகைக் கதவு இழுத்தால் கீழே இறங்கும், விரல் நசுங்கும். கீல் மாற்ற ஆள் கூப்பிடு. கையுறை போட்டுக்கொண்டுதானே தூக்கினாள்? பெரிய கட்டை என்றால் எவ்வளவு பெரியது?

எல்டா


வால்சோர்தா,
12 பிப்ரவரி 1978

அன்புத் தங்கைக்கு,

கீல் மாற்றியாயிற்று. பீச் மரம். கையுறை போட்டிருந்தாள். எவ்வளவு பெரியது என்றால், நம் அப்பாவின் பூட்ஸ் அளவு. சளி விட்டதா? பாலில் தேன் கலந்து குடி.

இங்கே ஊரே குழம்பிக் கிடக்கிறது. அதே புதுச் சட்டத்தில் மார்க்கையும் எடுத்துவிட்டார்கள். இனி ஐந்து, ஆறு, ஏழு என்று எண் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் டீச்சர் வாக்கியமாக எழுதித் தரவேண்டும். லிவியா டீச்சர் ஒரு வாரம் தூங்காமல் எழுதினாள். நோர்மாவின் புருஷன் எத்தோரேவின் தாளைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தான். "'சுறுசுறுப்பு மிகுந்தவன், அதைப் பாடத்தில் காட்டினால் நன்று.' சரி, எத்தனை மார்க்?" என்றான். டீச்சர், "அவ்வளவுதான்" என்றாள். அவன் விடவில்லை, பங்குச் சாமியாரிடம் எடுத்துப் போனான். இப்போது பூசை முடிந்ததும் அப்பன்மார் வரிசையில் நிற்கிறார்கள். சாமியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "'நன்று' வந்திருக்கு, ஆனா 'காட்டினால்'னும் வந்திருக்கு. அஞ்சரை" என்று விலை சொல்கிறார்.

டெல்ஃபினாவுக்கும் எல்லோருக்கும் கொடுத்த அதே தாள்தான். அதில் இருப்பது: "இருபது வரை எண்ணுகிறாள். கேட்டால் பதில் சொல்கிறாள், கேட்காமலும் சொல்கிறாள். பக்கத்தில் இருப்பவரின் பென்சிலைத் திருப்பித் தரக் கற்றுக்கொள்ள வேண்டும்." சாமியார் ஆறு என்றார். எத்தோரேவைவிட அரை மார்க் கூட! நோர்மா அன்று கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஈஸ்டர் இந்த வருடம் மார்ச்சிலேயே வருகிறது.

ஓர்சொலா


வின்டர்தூர்,
5 மார்ச் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

சளி விட்டது. ஈஸ்டருக்கு வருகிறேன். சனிக்கிழமை சாயங்கால பஸ். புதன்கிழமை திரும்பவேண்டும்.

மதர் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அந்தக் கட்டிலுக்கு இன்னொரு குழந்தை காத்திருக்கிறதாம். ஈஸ்டர் முடிந்ததும் பதில் வேண்டும்.

அக்கா, கோபித்துக்கொள்ளாதே. நீ எழுதுவதைப் படித்துச் சிரிக்கிறேன். ஆனால் நீ எனக்காகத் தேன் தடவி எழுதுகிறாயோ என்று இராத்திரியில் தோன்றுகிறது. உன் முழங்கால் படுத்துவிட்டால் யார் பார்ப்பார்கள்? அந்த டீச்சர் மாற்றலாகிப் போனால்? ரோமில் எழுதியவர்களே நாளைக்கு அழித்து எழுதினால்? அப்போது கட்டிலும் இருக்காது. பிள்ளைகள் இன்று அவள் பெயரைக் கூப்பிடுவார்கள், வளர்ந்ததும் நோர்மாவைப் போல ஜன்னலில் நின்று பாவம் என்பார்கள். அவளைப் பெற்ற நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மருத்துவச்சி சொன்னாள், சாமியார் சொன்னார், மாமியார் சொன்னாள். இல்லத்தில் எல்லோரும் அவளைப் போலத்தான், அங்கே அதைச் சொல்ல ஆளில்லை.

புதன்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு இறங்குகிறேன், போகிற வழியில் விட்டுவிடுகிறேன். அவள் துணிமணிகளை எடுத்து வை.

எல்டா


வால்சோர்தா,
9 ஏப்ரல் 1978

அன்புத் தங்கைக்கு,

ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாயா? வழிக்குக் கொடுத்த பன்றி சாசேஜை எல்லையில் பிடுங்கிக்கொள்ளவில்லையே?

நான் அவள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தேன். அழுதுகொண்டேதான் கட்டினேன், அது உனக்குத் தெரியும். புதன்கிழமை காலையில் நீ உன் பெட்டியை மட்டும் தூக்கினாய். "கட்டிலை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லி மதருக்கு எழுதிப் போட்டுட்டேன்" என்று ஒரே வாக்கியம். பஸ் ஏறிவிட்டாய். நான் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை நான் கீழூருக்கு ஞானஸ்நான விருந்துக்குப் போனேன் அல்லவா? இருட்டித் திரும்பியபோது உன் குரல் கட்டியிருந்தது. பனிக்காற்று என்றாய். டெல்ஃபினாவின் முகத்தில் ஒரு தினுசான இளிப்பு. ஞானஸ்நானத்துக்குப் போனவள் நான், தண்ணீர் தெளித்தது இங்கே என்று எனக்கு எப்படித் தெரியும்?

ரொட்டிக் கடையில் சொன்னார்கள். ஊரே சொல்கிறது, ஆளுக்கொரு விதமாக. ஈஸ்டர் திங்களன்று வழக்கம்போலப் பிள்ளைகள் துணி துவைக்கும் தொட்டியருகே முட்டை மோதினார்கள். சாயம் போட்ட அவித்த முட்டையை ஒன்றோடொன்று முட்டி, யாருடையது உடையவில்லையோ அவனுக்கே உடைந்த முட்டை. எத்தோரே எல்லோரிடமும் ஜெயித்து ஒரு கூடை சேர்த்துவிட்டான். டெல்ஃபினாவிடமிருந்து மூன்று. மூன்றாவது முட்டை உடைந்ததும் அவள் பேசாமல் அவனைத் தொட்டிக்குள் தள்ளிவிட்டாள். அவன் மூழ்கினான், கூடை மூழ்கியது, அத்தனை முட்டையும் மூழ்கியது, அவன் எதை வைத்து ஜெயித்தானோ அந்த முட்டை மட்டும் மிதந்தது. நோர்மா காலுறை தைக்க உள்ளே வைக்கிற மர முட்டை! சிவப்புச் சாயம் அடித்திருந்தான்.

இதுவரை ஒரே கதைதான். பிறகு நோர்மா நம் வாசலுக்கு வந்தாளாம். என்ன நடந்தது என்று கேட்டால் ரொட்டிக்காரர் சிரித்துச் சிரித்து மாவைக் கொட்டிவிடுகிறார். நீயே எழுது. ஒரு வார்த்தை விடாமல் எழுது.

ஓர்சொலா


வின்டர்தூர்,
23 ஏப்ரல் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

சாசேஜைப் பிடுங்கவில்லை. குரல் இப்போதுதான் திறந்தது. உன் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா?

சொல்கிறேன். நான் உள்ளே அவளுடைய பாவாடையை மடித்துக்கொண்டிருந்தேன், இல்லத்துக்குக் கொண்டுபோக. வெளியே நோர்மாவின் குரல். சொட்டச் சொட்ட நனைந்த மகனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறாள். டெல்ஃபினா என் பின்னால் வந்து ஒளிந்தாள்.

"எல்டா! வெளிய வா! உன் பொண்ணு பண்ணின காரியத்தைப் பாரு! பையன் ஜன்னி கண்டு செத்தா யார் பதில் சொல்றது?"

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. அதற்குள் எத்தோரேவின் கையிலிருந்த அந்தச் சிவப்பு முட்டையைப் பார்த்துவிட்டேன்.

"அது என்ன முட்டை நோர்மா? எந்தக் கோழி போட்டது?"

"அது... அது கூமுட்டை! அதான் மிதந்தது!"

"கூமுட்டையா? தட்டிப் பாரு, கதவு மாதிரி சத்தம் வருது!"

அதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது. அவளுக்கு மானம் போய்விட்டது. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தினாள்: "என் மகன் பொய் முட்டை வெச்சா ஆளைத் தள்ளிடுவாளா? நாலு பிள்ளைங்களோட பழகத் தெரியல! பொண்ணை ஒழுங்கா வளர்க்கத் துப்பில்லாதவ, பேச வந்துட்டா!"

அக்கா, இந்த ஒன்பது வருடத்தில் யாரும் என்னிடம் அதைச் சொன்னதில்லை. கடவுள் சித்தம் என்றார்கள், சிலுவை என்றார்கள், பாவம் என்றார்கள். ஒழுங்காக வளர்க்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால், ஒழுங்காக வளரக்கூடிய பிள்ளை என்று முதலில் நினைத்திருக்க வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த நோர்மா அப்படி நினைத்துவிட்டாள், அவளுக்கே தெரியாமல். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குப் பதிலாக, எங்கிருந்துதான் வந்ததோ, கத்தினேன்.

"யாருக்குடி துப்பில்ல? என் பொண்ணு மூணு முட்டையையும் நேர்மையா தோத்தா! உன் மகனை மாதிரி அம்மாவோட தையல் பெட்டியில திருடல! சாமியார் ஆறு மார்க் போட்ட பொண்ணு அவ!"

"அஞ்சரைக்கும் ஆறுக்கும் என்னடி பெரிய வித்தியாசம்?"

"தொட்டியில மூழ்கி எழுந்த உன் மகனைக் கேளு, தெரியும்!"

அரை மணி நேரம் போனது. கூரை ஒழுகுவது, அவள் கோழி நம் தோட்டத்தைக் கிளறியது, பள்ளியில் படிக்கும்போது அவள் என் ரிப்பனை எடுத்தது, எல்லாம் வந்தது. ஊரில் யாரும் நடுவில் வந்து, "விடு நோர்மா, பாவம் அவ" என்று சொல்லவில்லை. நான் காத்திருந்தேன், யாராவது சொல்வார்கள் என்று. ஒருவரும் சொல்லவில்லை. டெல்ஃபினா என் பாவாடையை விட்டுவிட்டு முன்னால் வந்து, என் பக்கத்தில் நின்று, நோர்மாவைப் போலவே கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பிறகு அவளை உள்ளே கூட்டிப்போய், தள்ளியதற்காக நன்றாகத் திட்டினேன். இரவு சாப்பாட்டுக்கு இனிப்புக் கிடையாது என்றேன். என் மகளை நான் திட்டியது அதுதான் முதல் தடவை. அழுதாள். நானும்தான். அன்று இரவே மதருக்கு எழுதிவிட்டேன்.

உன்னிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் உன் மடியில் விழுந்து அழுதிருப்பேன், பஸ் போயிருக்கும்.

நேற்று பெர்கமோக்காரி, ஏன் தனியாகச் சிரிக்கிறாய் என்றாள். முழுக்கச் சொன்னேன். "உனக்குப் பொண்ணு இருக்காளா? இத்தனை நாள் சொல்லவே இல்லையே!" என்றாள். என்னிடம் போட்டோகூட இல்லை. ஒன்று எடுத்து அனுப்பு. தலையை வாரி விடாதே, இருக்கிறபடி எடு.

ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை, கீழூர் மரப்பட்டறையில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்து வை. நோர்மாவிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடு. அன்று தொண்டை கட்டிவிட்டதால் பாதியில் நிறுத்தினேன். மீதிச் சண்டையை ஜூனில் வந்து போடுகிறேன். அதுவரை என் பொண்ணைப் பார்த்து அவள் இரக்கப்படாமல் இருக்கட்டும்.

அன்புடன் உன் தங்கை,
டெல்ஃபினாவின் அம்மா
எல்டா